கராச்சியிலிருந்து ஆகாய வழி

உப்பை நான் கையால் அள்ளுவதில்லை. கரண்டிதான். ஏன் என்று கேட்கிறவர்கள்மேல் எரிந்து விழுவேன். கேட்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில், ஒரு சித்திரை வெயிலில், ஆம்பூரில், அப்பா இறந்தார். மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. என் ஒரே அண்ணன் கராச்சியில் ஒரு தோல் வியாபாரியிடம் வேலை பார்த்தான். ரயிலில் வந்து சேர நாட்கணக்காகும் என்பதால், அவனுக்குத் தந்தி கொடுத்துவிட்டு, சித்தப்பாவே கொள்ளி வைப்பதென்று முடிவாகியிருந்தது. மாலையில் பதில் தந்தி வந்தது. முதலாளி தயவால் தபால் விமானத்தில் இடம் கிடைத்துவிட்டதாம். விடியற்காலை புறப்படுகிறானாம். அப்பா முகத்தைப் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள் என்றிருந்தது.

"எம்புள்ள வர்ற வரைக்கும் எடுக்கவுட மாட்டேன்" என்று அம்மா பிணத்தருகே உட்கார்ந்துவிட்டாள்.

சித்தப்பா தோல் பதனிடும் ஷாப்பில் உப்புக் கொட்டகை மேஸ்திரி. பள்ளிக்கூடத்திலிருந்து தேசப்படத்தை வாங்கி வந்து, கராச்சிக்கும் சென்னைக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தார். "ரயிலு ஊரெல்லாம் சுத்திக்கினு வரும். இது ஆகாசத்துல நேரா வரும், தூரம் கம்மி. காலைல ஏறினா பொழுது சாய மெட்ராஸு. ராத்திரி வண்டியப் புடிச்சா மறுநாள் காலைல இங்க இருப்பான்" என்றார். எங்களில் யாரும் விமானத்தைக் கிட்டத்தில் கண்டதில்லை. ஆகாயத்தில் போகிறதற்கு நடுவில் இறங்க என்ன வேலை? எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது.

அதுவரை உடம்பு தாங்க வேண்டுமே. வேறு ஊராயிருந்தால் அழுதுவிட்டு எடுத்திருப்பார்கள். எங்கள் ஊருக்குத்தான் வழி தெரிந்துவிட்டது. சித்தப்பா மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார். பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போடுகிற அதே உப்பு. "மூஞ்சில மட்டும் போடாத தம்பி. அவன் பாக்கணும்" என்றாள் அம்மா. கழுத்து வரைக்கும் கொட்டினார்கள். முகத்துக்கு ஈரத்துணி போட்டு, அதை மாற்றி மாற்றி அம்மா நனைத்துக்கொண்டிருந்தாள். உப்பு உடம்பின் நீரை இழுத்துத் தரையில் விட்டது. நான் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. இன்றும் காரணமில்லாமல் தரை ஈரமாயிருந்தால் துணியைத் தேடி ஓடுகிறேன்.

சொன்ன காலையில் அண்ணன் வரவில்லை. விமானம் வழியெல்லாம் இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்ளும், இருட்டினால் பறக்காது, அதனால் அவன் பம்பாயில் ராத்தங்கினான் என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது யார் சொன்னார்கள்? விமானம் விழுந்திருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி முணுமுணுத்தாள். அம்மா அவளை அடிக்கப் போனாள்.

மத்தியானம் துணியை விலக்கிப் பார்த்த சித்தப்பா, "இனிமே தாங்காது அண்ணி" என்றார். அவர் கையை அம்மா தட்டிவிட்டாள். தானே இரண்டு கையாலும் உப்பை அள்ளி, நெற்றியிலிருந்து மெதுவாக மூடிக்கொண்டு வந்தாள். கண்ணருகில் மட்டும் சற்று நின்றாள்.

மறுநாள் காலை ரயிலில் அண்ணன் வந்தான். சித்தப்பா உப்பைத் தட்டி முகத்தைத் துடைத்துக் காட்டினார். தோல் கறுத்துச் சுருங்கி, உதடு இழுத்துப் பல் வெளியே தெரிந்தது. அண்ணன் குனிந்து பார்த்தான். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"யாரு இது? அப்பா எங்க?" என்றான்.

உப்பு அரித்துச் சிவந்திருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "நேத்து மத்தியானம் வரைக்கும் இருந்தாருடா."