விசில் கேட்காத வளைவு

பேருந்து நிலையத்தின் தகவல் கவுன்டரில்தான் அந்த அம்மாவை முதலில் பார்த்தேன். நேர்காணலுக்குப் போகிற அவசரத்தில் எந்த வண்டி என்று கேட்டேன். வேறு யாராவது இருந்திருந்தால் கையை நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்திருப்பார்கள். அவர் என் தேய்த்த சட்டையையும் கையிலிருந்த சான்றிதழ் உறையையும் ஒரு பார்வை பார்த்தார்.

“ரெண்டாவது நடைமேடை. இடது பக்கமா உக்காருங்க தம்பி, வெயில் விழாது. பாலம் தாண்டினதும் ஒரு பள்ளம் தூக்கிப் போடும், கம்பியப் புடிச்சுக்கங்க.”

பள்ளம் சொன்ன இடத்திலேயே தூக்கிப் போட்டது. வேலை கிடைத்ததைச் சொல்ல மறுபடி போனபோது கவுன்டர் பூட்டியிருந்தது. “குடும்பத்தோட கடலோரம் சுத்தப் போயிருக்காங்க. திரும்பி வந்தாத்தான் இந்த நாற்காலியா, ஸ்டியரிங்கான்னு தெரியும்” என்றார் பக்கத்துக் கடைக்காரர். பிறகு அந்தக் குடும்பத்தோடு பழகி, ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லக் கேட்டது இது.

பல வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர் அவர். அதே பேருந்தில் அவருடைய கணவர் கண்டக்டர். ஒரு விசில் என்றால் நிற்கணும், இரண்டு என்றால் போகணும். வீட்டிலும் அதே ஏற்பாடுதான் என்று மகள் கிண்டல் செய்வாள். கணவர் காய்ச்சலில் படுத்த ஒரு நாள், வேறொரு கண்டக்டர் கைபேசியைப் பார்த்தபடியே இரண்டு விசில் கொடுத்தார். ஓட்டுநரம்மா பணிமனைக்குள் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். பின்னால் குனிந்திருந்த மெக்கானிக் கடைசி நொடியில் துள்ளி விலகினார். சக்கரத்துக்கடியில் போனது ஒற்றைச் செருப்பு மட்டும்தான்.

தப்பு ஓட்டுநர் மேல் இல்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அவருடைய கால்தான் அதை நம்பவில்லை. ரிவர்ஸ் கியரைத் தொட்டாலே அது பிரேக்கின்மேல் ஏறி நின்றுகொண்டது. கவுன்டருக்கு மாற்றச் சொல்லி அவரே கேட்டு வாங்கினார். கொழுந்தனின் காரை எப்போதாவது எடுத்தாலும், பின்னுக்கு வருவதைத் தவிர்க்க ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பணிமனையில் ‘சுத்துவழி’ என்று பெயர் வைத்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டார். ஆனால் கவுன்டர் ஜன்னலுக்கு வெளியே எந்த வண்டி உறுமினாலும் அவர் கால் மேசைக்கடியில் கிளட்சைத் தேடும்.

கடைசியாக மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: மாதக் கடைசியில் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினால் பழைய தடம், இல்லையென்றால் இனி கவுன்டர்தான்.

கணவர் தம்பியிடம் போய் அவனுடைய கேம்பர்வேனைக் கேட்டு வாங்கி வந்தார். படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய வேன்.

“ஒரு கீறல் விழுந்தா பரவால்ல அண்ணி. ரெண்டு விழுந்தா அண்ணன இங்கயே அடமானம் வச்சிட்டுப் போங்க” என்று சாவியைக் கொடுத்தான் கொழுந்தன்.

“ஒரு கீறலுக்கே வச்சுக்கயேன்” என்றார் அண்ணி.

கடலோரப் பாதை முழுக்கக் கறுத்த பாறைகள். ஒரு பக்கம் செங்குத்தாக மலை, மறுபக்கம் கீழே அலை. வளைவுக்கு வளைவு கரண்டிப் பெட்டி தானாகத் திறந்து கொட்டியது. முன்னால் வசதியான இருக்கை காலியாகக் கிடக்க, கணவர் பின்கதவு ஓரம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பழக்கம். அவருக்கு இப்படி என்றால், மனைவிக்குச் சாலையோர நிழற்குடை எது வந்தாலும் வேகம் குறைந்தது. அங்கே நின்றவர்கள் குழம்பிப்போய்ப் பையைத் தூக்கினார்கள்.

“அம்மா, அவங்க நம்ம பஸ்ஸுக்கு நிக்கல” என்றாள் மகள்.

“பாவம், வெயில்ல நிக்கிறாங்களேன்னு பாத்தேன்.”

“ஏத்திக்கிட்டா நானே டிக்கெட் கிழிச்சிடுவேன்” என்றார் பின்னாலிருந்து கணவர்.

இப்படியே சிரித்துக்கொண்டு போன வண்டி, மூன்றாம் நாள் காலை ஓர் இறக்கத்தில் நின்றது. எதிரே ஐஸ்கட்டி ஏற்றிய லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. பாதையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். லாரிக்காரர் தலையை நீட்டினார்.

“லோடோட பின்னால போக முடியாதுக்கா. மேல வளைவு தாண்டி ஒதுங்குற இடம் இருக்கு, கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க.”

சுற்றிப் போக அங்கே ஊர் இல்லை. ஓட்டுநரம்மா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். கணவர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். லீவில் வரும்போதும் அதைக் கொண்டுவந்திருந்தார்.

“நான் இறங்கிக் காட்டுறேன். நீ என் விசிலுக்கு எடு, போதும்.”

அவர் இறங்கிப் போய்ப் பின்னால் நின்றார். இரண்டு விசில் வரும் என்று மனைவி காத்திருந்தார். வரவில்லை. பாறையில் மோதிய அலை இரைச்சலும் காற்றும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டன. எங்கே போனார் என்று கண்ணாடியைப் பார்த்தார். அதில் கணவர் கன்னம் இரண்டும் பன் மாதிரிப் புடைக்க, முகம் சிவக்க, உயிரைக் கொடுத்து ஊதிக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் இல்லை.

மகள் முதலில் சிரித்தாள். பிறகு அம்மாவும் சிரித்தார். சிரித்தபடியே கண்ணாடியில் மற்றதையும் பார்த்தார். பாறையின் விளிம்பு, சாலையின் வெள்ளைக்கோடு, கணவரின் கால், காலில் செருப்பு. எல்லாமே தெரிந்தது. அன்றைக்குப் பணிமனையில் விசிலைக் கேட்டாரே தவிர, கண்ணாடியைப் பார்க்கவில்லை. அதை அவர் அதுவரை விசாரணையிலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்: “ஏங்க, விசில வாயிலேர்ந்து எடுங்க. ஓரமா மலைப்பக்கம் வந்து நில்லுங்க. எனக்குத் தெரியுது.”

கணவர் விசிலை எடுத்தார். ரிவர்ஸ் கியர் விழுந்தது. கால் வழக்கம்போல் பிரேக்குக்குப் போனது. அவர் தன் காலைத் திட்டவில்லை, கொஞ்சம் பொறுத்து, மெல்லத் தூக்கினார். வண்டி அங்குலம் அங்குலமாக ஏறியது. நடுவில் ஒருமுறை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தானே பார்த்துவிட்டு வந்தார். லாரிக்காரர் ஹாரன் அடிக்கவே இல்லை. வளைவைக் கடந்து வேன் ஒதுங்கிய பிறகு, ஐஸ் சொட்டச் சொட்ட லாரி உரசாமல் தாண்டிப் போனது.

“மலையேத்தமா ரிவர்ஸு. சொல்லிக்குடுங்கக்கா எனக்கும்” என்று சொல்லிக்கொண்டே போனார் லாரிக்காரர்.

கணவர் மூச்சு வாங்க ஏறி வந்து முக்காலியைத் தேடினார்.

“முன்னால வந்து உக்காருங்க. இன்னிக்கு உங்களுக்கு லீவு” என்றார் மனைவி.

“அப்ப விசிலு?”

“உங்க பொண்ணுகிட்டக் குடுங்க. வீட்ல உங்கள எழுப்ப ஆகும்.”

அவள் வாங்கிக்கொண்டாள். வேனில் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதில் கொழுந்தனுக்கு இன்றுவரை வருத்தம்தான்.

மாதக் கடைசியில் அவர் ஓட்டிக் காட்டினார். பின்னுக்கு எடுக்கும் முன் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறினார். இப்போது எந்தப் பணிமனை வாசலிலும் அப்படித்தான் செய்கிறார். அதனால் ‘சுத்துவழி’ என்ற பெயரும் மாறாமல் நிலைத்துவிட்டது.

இன்று அவர் பழைய தடத்தில் காலை வண்டி ஓட்டுகிறார். கணவர் அதே வண்டியில் கண்டக்டர். பாலத்துக்கு அப்பால் இருக்கும் அந்தப் பள்ளத்தை இன்னும் மூடவில்லை.