கலெக்டர் துரைக்குக் குழாய் மனு

பத்து வயதில் என்னைவிடப் பெரிய முட்டாள் உறையூரிலேயே கிடையாது. இன்று பத்திர ஆபீஸில் கட்டைவிரலில் மை ஒட்டியதும், அந்த வாசனை என்னை அங்கேயே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

தெருவுக்குக் குழாய் கேட்டு வெள்ளைக்காரக் கலெக்டருக்கு மனு. காவிரித் தண்ணீர் சுமந்தே இடுப்பொடிந்த பெண்கள் வரிசையாகக் கைநாட்டு வைத்தார்கள். எழுதியவன் நான்.

"துரை மனசு உருகற மாதிரி எழுதுடா!" என்றாள் அம்மா.

உருகுகிற துரை இன்னும் கொஞ்சம் உருகட்டுமே என்று, கடைசி வரியில் எங்கள் கணக்கு வாத்தியாரை ஊர் மாற்றச் சொல்லியும் கேட்டுவைத்தேன்.

பதில் இங்கிலீஷில் வந்தது. தெருவில் இங்கிலீஷ் தெரிந்தவர் அதே வாத்தியார்தான்!

"குழாய் போடறாங்களாம்," என்று படித்தார். ஒரே குலவை! மீதியை மனசுக்குள் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேற என்ன சார் எழுதியிருக்கு?" என்றேன்.

"நாளைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு."