மலையேறிய பிரேக் லைட்

எங்கள் ட்ரெய்லரில் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். அச்சுக்கு மேலே அடுக்கடுக்காக உட்கார்ந்து லோடைத் தாங்கும் வில் பட்டைகள், அவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், கிரீஸ் எல்லாம் என் வீட்டுக்காரர். ஒயர், லைட்டு எல்லாம் நான். அவருக்குக் கரண்ட் என்றாலே ஆகாது. வண்டி பேட்டரி ஆளைக் கொல்லாது என்று எத்தனை முறை சொன்னாலும், ஃபியூஸைத் தொடும் முன் செருப்பைத் தேடுவார். எனக்குக் கிரீஸ் வாடை ஆகாது. ஜாதகம் பார்த்தவர்கள் இதையெல்லாம் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பொருந்திவிட்டது.

சில வருடங்களுக்கு முன் மேட்டூர் ரோட்டில் மழையில் நின்றிருந்த எங்கள் வண்டியின் பின்னால் பைக்கில் வந்த ஒருவர் மோதிவிட்டார். உயிர் பிழைத்துவிட்டார், கால்தான் சரியாகவில்லை. என் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இவர் கேட்கவில்லை. பல நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, ஒருநாள் சொன்னார்: “இன்னொருத்தரு பின்னால வந்து மோதினாங்கன்னா, அன்னைக்கே சாவிய ஓரமா வெச்சுருவேன். அப்பறம் வண்டியத் தொடமாட்டேன்.” சொன்னால் செய்கிற ஆள். இந்த வண்டியை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அதனால் அன்று முதல் நான் பின்னால் போய் நின்று பார்க்காமல் வண்டி வாசலை விட்டு நகராது. அவர் பிரேக்கை மிதித்து “எரியுதா?” என்பார். நான் “எரியுதுங்க!” என்று கத்துவேன். எருமப்பட்டியில் எங்கள் தெருவே அதைக் கேட்டுப் பழகிவிட்டது.

போன ஆயுத பூஜைக்குச் சேலத்தில் ஏற்றிய இரும்புச் சுருள் வண்டியிலேயே இருந்தது. மறுநாள் துறைமுகத்தில் இறக்க வேண்டிய லோடு. பூஜையை முடித்துவிட்டுச் சாயங்காலமே கிளம்புவதாக ஏற்பாடு. வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். ஸ்பேனர், ஜாக்கி, கட்டிங் பிளேயர், என் டெஸ்டர் எல்லாம் வீட்டுக்குள் பலகையில் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. மறுநாள் காலை வரைக்கும் எதையும் எடுக்கக் கூடாது. ஊரில் ஒரு பட்டறையும் திறந்திருக்காது.

கற்பூரத் தட்டோடு வண்டியைச் சுற்றி வந்து பின்னால் நின்றேன். அவர் இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக் கேட்டார். பிரேக் லைட் எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பக்கமும் அணைந்துவிட்டது.

இங்கேதான் என் வாயே என் காலை வாரிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக, கையில் கற்பூரத் தட்டை வைத்துக்கொண்டு விளக்கு அணைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? பூஜை அறையில் சொல்வது போலவே சொல்லிவிட்டேன்.

“மலையேறிருச்சுங்க!”

“செரி செரி, பரவாயில்ல,” என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

இறங்கி வந்து பார்ப்பார் என்று நினைத்து, தட்டை வைக்க உள்ளே போனேன். அவரோ, தட்டில் இருந்த கற்பூரம்தான் அணைந்தது, லைட்டில் குறையில்லை என்று நினைத்திருக்கிறார். வெளியே வந்தபோது நசுங்கிய எலுமிச்சம்பழங்கள்தான் இருந்தன.

ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார். நல்ல பழக்கம், அன்றைக்கு மட்டும் எரிச்சலாக இருந்தது. என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நாமக்கல் ரோட்டில் விரட்டினேன். இருட்டத் தொடங்கியிருந்தது. பண்டிகை நாள் என்பதால் எதிரே வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. தூரத்தில் எங்கள் வண்டியின் சின்னச் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. பிடித்துவிட்டேன் என்று நெருங்கினேன். வேகத்தடைக்காக அவர் பிரேக் போட்டிருக்கிறார். எனக்கு எதுவும் தெரியவில்லை. விளக்குகள் எப்போதும் போல இருந்தன, வண்டி மட்டும் திடீரென்று பெரிதாகிவிட்டது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். ஸ்கூட்டர் வழுக்கிக்கொண்டு போய் எதிலோ இடித்து நின்றது. விழவில்லை. அந்த மேட்டூர் ரோட்டு மனிதரை முதல் முறையாக உண்மையில் நினைத்தேன்.

பிறகு ஹாரனை அழுத்திக்கொண்டே முன்னால் போய் மறித்தேன். இறங்கி வந்தார்.

“ஏம்புள்ள, இங்க எதுக்கு வந்த?”

“பிரேக் லைட்டு அணைஞ்சு போச்சுங்க. அணைஞ்சு போச்சு, அணைஞ்சு போச்சு. இப்பப் புரியுதுங்களா?”

“அப்பவே சொல்லறதுக்கென்ன?”

“சொன்னேனுங்களே. மலையேறிருச்சுன்னு.”

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நின்றார். போன் வெளிச்சத்தில் இரண்டு பேரும் அடியில் குனிந்து பார்த்தோம். இடது பக்கம் கடைசிச் சக்கரத்துக்கு மேலே ஒரு பட்டை உடைந்து, லோடு அந்தப் பக்கம் அமுங்கி, பிரேக் லைட்டுக்குப் போகும் ஒயரைச் சேசிஸோடு வைத்து நசுக்கியிருந்தது.

“உங்க பட்டை என்ற ஒயரக் கடிச்சு வெச்சிருக்குதுங்க,” என்றேன்.

கருவிப் பெட்டியைத் திறந்தால் காலி. எல்லாம் வீட்டில் பூஜையில். ஒயரைப் பல்லால் கடித்து உரித்து முறுக்கினேன். மாலையில் கட்டியிருந்த ஜரிகைப் பிளாஸ்டிக்கைப் பிரித்து அதன் மேல் இறுக்கிச் சுற்றி, பட்டைக்கு எட்டாத உயரத்தில் வளையலில் கோத்திருந்த ஊக்கால் மாட்டினேன். நாமக்கல் வரை தாங்கும். காலையில் பட்டைக்காரர் பட்டறையைத் திறந்ததும் மாற்றிக்கொள்ளலாம், லோடு அரை நாள் பிந்தும், பிந்தட்டும்.

அவர் பிரேக்கை மிதிக்க, நான் பின்னால் நின்று “எரியுதுங்க!” என்றேன். அவரும் இறங்கிப் பின்னால் வந்துவிட்டார். அடிப்பக்கத் தடுப்புக் கம்பியில் ஒட்டியிருந்த சிவப்பு வெள்ளை ஸ்டிக்கரில் ஓர் இடம் உரிந்து பச்சைப் பெயின்ட் அப்பியிருந்தது. என் ஸ்கூட்டர் பச்சை. கட்டை விரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

“நீ மோதினயா?”

“ஒரசினதுங்க. அவ்வளவுதான்.”

நேராக வண்டிக்குப் போய் இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அன்றைக்குச் சொன்னதைச் செய்கிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

“இருட்டுல, நடுரோட்டுல, இந்த லோட நிறுத்திப்போட்டு ஊட்டுக்கு வாரீங்களா? இதுல வந்து மோதறதுக்கு அடுத்து ஆருங்க?”

பின்னால் இருட்டில் கிடந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் ஸ்கூட்டரை எடுத்து லைட்டைப் பார்த்தபடி பின்னால் போகத் திரும்பினேன். கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினார்.

“பின்னால வராத சாமி. என்ற கண்ணுக்கு முன்னால போ.”

குழந்தைகளைத்தான் ‘சாமி’ என்று கூப்பிடுவார். நாமக்கல் வரை நான் முன்னால் போனேன். அத்தனை பெரிய வண்டி என் ஸ்கூட்டர் வேகத்துக்குப் பின்னால் வந்தது.