வீட்டைப் பார்க்க வந்தவள்

செங்கல்பட்டு குடும்ப நல நீதிமன்றத்தில் நான் ஆலோசகர். பிரிந்த கணவன் மனைவியில் யாரிடம் குழந்தை நன்றாக வளரும் என்று நேரில் போய்ப் பார்த்து நீதிபதிக்கு எழுதித் தருவது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் துப்பட்டாவுக்குள் மறைக்கும் பழக்கம் எனக்கில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை சதுரங்கப்பட்டினத்தில் ஒரு குழந்தையின் அப்பா வீட்டுக்குப் போனேன். பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு. வார நாட்களில் அப்பாவிடம், சனி ஞாயிறு அம்மாவிடம். இனி முழுவதும் யாரிடம் என்பதுதான் வழக்கு.

வீடு முழுக்கப் பெயின்ட் வாசனை. கட்டிலில் மடிப்புக் கலையாத விரிப்பு. அப்பா ஓரமாக நின்றார். பேச்செல்லாம் அவருடைய அக்காதான்.

"உனக்கு எந்த வூரும்மா?"

சொன்னேன்.

"அட, நம்ம சனம், நம்ம பொண்ணு! அப்ப நல்லா எழுதிடுவ."

அம்மா தரப்பும் நீதிமன்ற வராந்தாவில் இதையேதான் சொன்னது. நான் யாருடைய பொண்ணாகவும் வரவில்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

"பாப்பா எங்க?"

"பாப்பாவ பக்கத்துத் தெருவுக்கு அனுப்சிட்டோம். நீ வூடு பாக்கத்தான வந்துகீற? அது இருந்துச்சுன்னா எல்லாத்தயும் கலைச்சிடும்."

தலையில் கைவைத்துக்கொண்டேன். லோன் தருபவர்களும் அரசுத் தொகுப்பு வீட்டுக்கு அளவெடுப்பவர்களும் சுவரைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

அப்பாவை அனுப்பிக் குழந்தையை வரவழைத்தேன். பெரியவர்களை வெளியே உட்காரச் சொன்னேன்.

"நம்ம பொண்ணுன்னு பாத்தா நம்மளயே தொரத்துது," என்று முனகிக்கொண்டே போனார் அப்பாவின் அக்கா.

கட்டிலில் உட்காரச் சொல்லியும் குழந்தை நின்றுகொண்டே இருந்தாள்.

"அதுல ஒக்காரக் கூடாதுக்கா. பெட்ஷீட்டு பக்கத்து வூட்டுது." பிறகு கேட்டாள்: "நாளைக்கு எங்கம்மா வூட்டுக்கும் வருவியா?"

"வருவேன்."

"அப்ப அங்கயும் என்ன வெளிய அனுப்சிடுவாங்களா?"

பஸ் ஸ்டாப்பில் நின்று, அணுபுரம் பக்கம் வாடகைக்கு இருக்கும் குழந்தையின் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"கவலையே படாதம்மா. வெள்ளை அடிச்சினுகீறேன். பாப்பாவ காலைல எங்கக்கா வூட்ல வுட்டுட்றேன்."

"வெள்ளையும் வேணாம், ஒண்ணும் வேணாம்! பாப்பா வீட்ல இருக்கணும்!" ரோடு என்றும் பாராமல் கத்தினேன்.

போனில் பிரஷ்ஷை வாளியில் போடும் சத்தம் கேட்டது.

"சொவுரு பாதிதாம்மா அடிச்சிகீது. பரவால்லியா?"

மறுநாள் போனபோது பாதிச் சுவர்தான் வெள்ளையாக இருந்தது. மீதியில், குழந்தையின் கை எட்டிய உயரம் வரை பென்சில் மீன்கள். அவள் தரையில் உட்கார்ந்து இன்னொரு மீனுக்கு வால் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இத மட்டும் எழுதிடாதம்மா," என்றார் அம்மா.

அதைத்தான் முதலில் எழுதினேன்.