யாப்கேயைத் தேடும் வீப்ரன்

"நாளைக்குக் காலைல உனக்கு என்ன வேலை?" என்று கேட்காமல் வீப்ரன் எதையும் எடைபோட மாட்டார். நெதர்லாந்தின் லேவார்டன் நகரில், கால்வாய் ஓரத்தில் கஞ்சா விற்கும் காபிஷாப்பின் கல்லாவில், வாடிக்கையாளர் விரல் நீட்டிக் காட்டுவதைக் கண்டுகொள்ளாமல் முதலில் இதைத்தான் கேட்பார். பல் டாக்டரிடம் போகிறவனுக்கு ஒன்று, மாமியார் வரப்போகிறவனுக்கு இன்னொன்று. ஒருவன் "லாரி ஓட்டணும்" என்றான். "அப்போ இதைக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போ" என்று காபியை ஊற்றிக் கொடுத்தார். முதலாளிக்கு இவரை அனுப்பிவிட ஆசைதான். ஆனால் கூட்டம் இவரைத் தேடித்தான் வருகிறது.

நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன். செடிகள் பூக்கும் காலத்தில் கொடியில் உலர்த்திய என் சட்டைகள் அவருடைய தோட்டத்து வாசனையோடுதான் அலுவலகம் போகும். வீட்டுக்கு ஐந்து செடிவரை போலீஸ் கண்டுகொள்வதில்லை. ஆறாவது முளைத்தால் வீப்ரன் அவரே பிடுங்கிவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் அவரைப்போல் அடங்கி நடப்பவரை நான் பார்த்ததில்லை.

அவருடைய அப்பா பசு வளர்த்தவர். எந்தக் கன்று எந்தக் காளைக்குப் பிறந்தது என்று மூன்று தலைமுறைக்குச் சொல்வாராம். மகன் அதையே செடிக்குச் சொல்கிறார். "அம்மா ஆப்கானிஸ்தான் மலைக்காரி. குட்டை, அகல இலை. உடம்பை அப்படியே சோபாவுல அமுக்கிடுவா. அப்பன் தாய்லாந்துக்காரன், நெட்டை. மண்டைக்குள்ள விளக்கு போடுவான். ரெண்டு பேரையும் கட்டிவெச்சா பிள்ளைங்க எப்படிப் பொறக்கும்னு யாருக்குத் தெரியும்? என் தம்பியையே பாரேன்." தம்பி வரி அலுவலகத்தில் இருக்கிறார்.

அந்த ஜோடிக்குப் பிறந்தவள்தான் யாப்கே. தன் அப்பாவின் கறவைப் பசுவின் பெயரை அவளுக்கு வைத்திருந்தார் வீப்ரன். கோணல் கிளையோடு வளர்ந்த சவலைச் செடி. பூப்பதற்கு முன் ஒவ்வொரு செடியிலும் ஒரு கிளையை வெட்டி வேர்விட வைத்தால்தான் அதே செடி அடுத்த வருடமும் கிடைக்கும். விதை போட்டால் தங்கைதான் வருவாள், அவள் வரமாட்டாள். இதைத் தெருவுக்கே பாடம் எடுத்த மனிதர், மற்ற நாலு அழகிகளிலும் கிளை வெட்டிக்கொண்டு யாப்கேயை மட்டும் விட்டுவிட்டார். அறுவடை முடிந்து, பூக்கள் காய்ந்து, ஜாடியில் சில வாரம் இருந்த பிறகுதான் மூடியைத் திறந்தார். முதலில் மாம்பழ வாசனை, பின்னால் எலுமிச்சைத் தோல், கடைசியில் தொண்டையில் மிளகு. செடி அதற்குள் உரக்குழியில் மக்கிப் போயிருந்தது.

"மூஞ்சியைப் பார்த்து ஏமாந்துட்டேன்ப்பா" என்பார். அந்த வாசனை எண்ணெய்களை மிர்சீன், லிமோனீன், காரியோபிலீன் என்று சொந்தக்காரர்கள் பெயரைப்போலச் சொல்வார். "உடம்பு உட்கார்ந்துடும், மனசு லேசாயிடும். போதை மட்டும் இல்ல, இந்த வாசனையும் சேர்ந்துதான் அதைச் செய்யுது." அதை நிரூபிக்கச் சொன்னால் வானிலை பற்றிப் பேசுவார்.

அன்றிலிருந்து வருடம் தவறாமல் அதே பெற்றோரின் விதைதான். ஒரு தங்கை மண்ணெண்ணெய் வாசனையோடு வந்தாள், ஒருத்தி நனைந்த வைக்கோல், ஒருத்தி கால்பந்து ஷூ. யாப்கேயின் ஒரே ஒரு பூவைப் பத்திரமாக வைத்திருந்தார். புதியவளை ஒரு முறை முகர்ந்து, அதை ஒரு முறை முகர்ந்து, இல்லை என்று தலையாட்டிவிட்டு மூடிவிடுவார். "இது இல்லன்னா, அவளே திரும்பி வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது."

போன மாதம் அவருக்குப் பிறந்தநாள். இந்த ஊர் வழக்கப்படி நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, எல்லாரும் எல்லாருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்லி, ஆளுக்கு ஒரே ஒரு துண்டு கேக்கோடு உட்கார்ந்தோம். எதிர்வீட்டு சீட்ஸ்கே, கணவர் இறந்த பிறகு அன்றுதான் ஒரு விசேஷத்துக்கு வந்திருந்தார்.

"தூக்கமே வரல, வீப்ரன். கண்ணை மூடினா ஆஸ்பத்திரி வராந்தா தெரியுது. அன்னிக்கு ஒண்ணு குடுத்தியே, நானும் அவரும் சிரிச்சுக்கிட்டே தூங்கிப்போனோமே, அது இருக்கா?"

"கடையில நல்லதா ரெண்டு இருக்கு."

"ரெண்டையும் பார்த்துட்டேன். ஒண்ணுல நெஞ்சு படபடன்னு அடிக்குது. இன்னொண்ணுல விடிய விடிய அவரோட சண்டை."

"யார் ஜெயிச்சது?"

"அவர்தான். செத்தும் விட்டுக்குடுக்கல."

வட்டம் முழுக்கக் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டது யாப்கேயைத்தான். எனக்கு 'இல்லைன்னு சொல்லுய்யா' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வீப்ரன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுந்து மாடிக்குப் போனார். திரும்பி வந்து, அந்த ஒற்றைப் பூவைக் கேக் தட்டில் வைத்து, வலது கை விரல்களில் மாம்பழ வாசனைப் பிசின் ஒட்ட மெல்ல உதிர்த்து, காகிதத்தில் மடித்து சீட்ஸ்கேயின் கைப்பையில் போட்டார்.

"பாதி இன்னிக்கு, பாதி நாளைக்கு. படுத்துக்கிட்டுப் புகைக்காதே, மெத்தையைக் கொளுத்திடுவே."

கிளம்பும்போதும் எல்லாருக்கும் கை கொடுத்தாக வேண்டும். வீப்ரன் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் இடது கையை நீட்டினார்.

"கையில என்ன, அடியா?" என்று கேட்டார் தம்பி.

"ஒண்ணுமில்ல, நீ போ" என்றார். வலது கையை, விரல்கள் எதன் மீதும் பட்டுவிடாதபடி, நெஞ்சோரம் தூக்கிப் பிடித்திருந்தார்.