குண்டூசி இல்லாத வாய்

மாமி பேசும்போது உதட்டைத் திறக்கமாட்டாள். திறந்தால் குண்டூசி விழுந்துவிடும். வாயின் ஓர் ஓரத்தில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, மறு ஓரத்தால் "கையத் தூக்குங்க" என்பாள். "மூச்ச விடுங்க, வயித்த உள்ள இழுத்து என்னை ஏமாத்தாதீங்க" என்பாள். அளவு கொடுக்க வந்த பெண்கள் சிரிப்பார்கள். மிஷின் ஓடாத நேரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையிலிருந்து வெளியே வரும் சத்தம் அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

மாமி என்றால் வாப்பாவின் ஒரே தங்கை. கணவர் நோயில் போனபின், இத்தா என்னும் காத்திருப்புக் காலத்தை முடித்துவிட்டு, தையல் மிஷினோடு பிறந்த வீட்டுக்கே வந்தாள். பிள்ளை இல்லை. முன்பு சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தோம். கதவு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு திரை. கம்பி போட்ட ஒரு ஜன்னல். அதற்கு அப்பால் பின்சந்து. வீட்டிலிருந்து சந்துக்குப் போக வழி கிடையாது. யார் வந்தாலும் போனாலும் கூடத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

கூடத்தில் வாப்பாவைப் பார்க்க ஆண்கள் வந்து உட்கார்ந்துவிட்டால், தைக்கக் கொடுத்தவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். மாமியும் அந்த ஆண்கள் எழுந்து போகும்வரை வெளியே வரமாட்டாள். ஒருமுறை அவர்கள் உலக விவகாரம் முழுவதையும் பேசித் தீர்க்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு, "உலகத்துல இத்தனை நாடு இருக்குன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்றாள்.

அந்தப் பேச்சுகளில் வாப்பாவுக்குப் பிடித்த ஒன்று உண்டு. பெண் சம்பாதித்தால் அது அவளுக்கு, கட்டிய கணவன்கூடத் தொட முடியாது. தகப்பன் சொத்தில் அவளுக்குப் பங்கு. அவள் சம்மதம் இல்லாமல் கல்யாணம் இல்லை. நம் மார்க்கம் இதையெல்லாம் என்றைக்கோ கொடுத்துவிட்டது என்பார். சொன்னது எல்லாமே உண்மை. அவர் நடிக்கவும் இல்லை. மாமி தைத்துச் சம்பாதித்ததில் ஒரு காசை அவர் தொட்டதில்லை. ஆனால் இந்த வீடு அவர்களுடைய வாப்பா கட்டியது. அண்ணனுக்கு இரண்டு பங்கு, தங்கைக்கு ஒன்று. பிரிக்காத வீட்டில் தங்கையின் பங்கு எந்தச் சுவரில் ஆரம்பிக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் அண்ணன்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். வாப்பா அந்த உரிமைப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் உள்ளே மிஷின் நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓடும்.

மாமியின் முதல் கல்யாணத்தை உம்மா பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். கல்யாண நாளன்றும் மாமி தன் முக்காட்டின் ஓரத்தைத் தானேதான் மடித்துக் குத்திக்கொண்டிருந்தாளாம். பெண்ணிடம் சம்மதம் கேட்க வாப்பாவும் சாட்சிகளும் வந்து திரைக்கு வெளியே நின்று கேட்டார்கள். உள்ளே வாய் நிறையக் குண்டூசி. ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் குத்திக்கொண்டிருக்கும்போதே வெளியே, "கன்னிப்பொண்ணு பேசாம இருந்தா சரின்னுதான் அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். அது மார்க்கச் சட்டமும்கூட. எடுத்த பிறகு என்ன சொல்வதாக இருந்தாய் என்று நான் ஒருநாள் கேட்டேன். "எனக்கே தெரியலையே. யாரும் நிக்கலையே கேக்குறதுக்கு" என்றாள்.

இந்த வருடம் ஹார்டுவேர் கடைக்காரர் வந்தார். உம்மாவின் அண்ணன், எங்கள் காண்ட்ராக்டர் மாமா, பேசிக் கொண்டுவந்த இடம். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் வெளியூரில், முழங்கால் வலி. கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே ஒரு நிபந்தனை, மிஷின் கூட வரக்கூடாது. ராணி மாதிரி வைத்துக்கொள்வாராம், ஊசி நூல் பிடிக்கத் தேவையில்லையாம். மாமா இதை இனிப்புக் கொடுக்கிற முகத்தோடு சொன்னார்.

வாப்பா திரைக்கு வெளியே நாற்காலி போட்டு விஷயத்தைச் சொன்னார். மாமி ஒரு துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் சொன்னார். அன்றும் பதில் இல்லை. வாப்பா உம்மாவிடம் வந்து, ஒன்றும் சொல்லவில்லை, சரிதான் போலிருக்கிறது என்றார். உம்மா அதற்கு வெட்கம் என்று பெயர் வைத்தாள். மாமா வெள்ளிக்கிழமை அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு என்று நாள் குறித்துவிட்டார். முன்பு ஒருமுறை சரியாக வந்த வழி என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாமி மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு மூடி வைத்தாள். அதையும் சம்மதத்தில் சேர்த்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை என் கையிலிருந்த கவிதைப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள்.

"ஒரு பக்கத்துல நாலு வரிதான் இருக்கு. மிச்சத்த ஏன்டா சும்மா விட்டுருக்கான்?"

"அதுவும் கவிதைதான் மாமி."

"பரவாயில்ல, பேசாததுக்கும் சேர்த்துக் காசு வாங்கிருக்கான்."

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. நிக்காஹ் நடத்த வந்த ஹஜ்ரத் இளைஞர், எதையும் நிதானமாகச் செய்கிறவர். சாட்சிகளாக மாமாவையும் என்னையும் அனுப்பினார். திரைக்கு வெளியே நின்று மாமா மாப்பிள்ளையின் விவரத்தையும் அவர் பெண்ணுக்குத் தரும் மஹர் தொகையையும் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். உள்ளே வளையல்கூட அசையவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டு மாமா என் தோளைத் தட்டினார். "வா, முடிஞ்சுது."

கூடத்துக்கு வந்ததும் ஹஜ்ரத், சொன்னார்களா என்று கேட்டார்.

"தலையாட்டுனாங்க ஹஜ்ரத். நான் பார்த்தேன்."

"திரை போட்டிருக்கே. எப்படிப் பார்த்தீங்க?"

யாரோ சிரித்தார்கள். ஹஜ்ரத் என்னைப் பார்த்தார். சத்தம் எதுவும் வரவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. கன்னிப்பெண்ணாக இருந்தால் அது போதும், ஒருமுறை வாழ்ந்த பெண் வாயைத் திறந்து சொல்லவேண்டும், காதில் விழவேண்டும் என்றார். "இது நான் வச்ச சட்டமில்ல" என்று வாப்பாவைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்.

உம்மா உள்ளே போனாள். கெஞ்சுகிற குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு வாப்பாவே எழுந்து போனார். கூடமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லிரும்மா. எல்லாரும் காத்திருக்காங்க. எனக்குப் பிறகு உன்னை யாரு பாப்பாங்க?"

வாப்பாவின் குரல் கடைசியில் உடைந்தது. அவர் பயந்தது இதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திரைக்குப் பின்னாலிருந்து மாமி பேசினாள். உதட்டை முழுவதும் திறந்து பேசினால் அவள் குரல் இவ்வளவு கனமானது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

"அண்ணே, அன்னிக்கு என் வாயில குண்டூசி இருந்துச்சு. எடுக்குறதுக்குள்ள போயிட்டீங்க. இன்னிக்கு வாயில ஒண்ணும் இல்ல. இருந்தும் சும்மா இருக்கேன்."

ஹஜ்ரத் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். இதற்குமேல் கேட்பது கட்டாயப்படுத்துவது என்றார். ஹார்டுவேர் கடைக்காரர் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். "மொதல்ல அவங்களக் கேட்டுட்டு என்கிட்ட வந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு யாரும் மாமியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். வாப்பா காலையில் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறார். தொழுகைக்குப் போய்வரும் நேரம் போக, விளக்கு வைக்கும்வரை அங்கேயே இருக்கிறார். முன்பு அப்படி உட்காரமாட்டார். பேப்பரை விரித்திருப்பார், பக்கம் திருப்பமாட்டார். யாரையும் அவர் தடுப்பதில்லை. ஆனால் தைக்க வரும் பெண்கள் வாசலில் நின்று அவரைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உம்மா தட்டைத் திரைக்கு உள்ளே வைத்துவிட்டு வருகிறாள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை மாமிக்குக் கிடைத்தது. சொன்ன பிறகு போய் நிற்க அவளுக்கு இருந்த இடமும் அந்த அறைதான்.

கொஞ்ச நாளில் பெண்கள் பின்சந்து வழியாக ஜன்னலுக்கு வர ஆரம்பித்தார்கள். துணியைச் சுருட்டிக் கம்பிக்கு இடையில் கொடுக்கிறார்கள். மாமி உள்ளேயிருந்து கையை நீட்டி டேப்பைச் சுற்றி அளவெடுக்கிறாள். "திரும்புங்க. இன்னும் கிட்ட வாங்க. கீழ எனக்கு எட்டாது, நீங்களே பிடிச்சுக்குங்க." பார்க்கிறவர்களுக்குச் சிறையில் சொந்தக்காரரைப் பார்க்க வந்த மாதிரி இருக்கும், யார் உள்ளே, யார் வெளியே என்று மட்டும் குழப்பம் வராது. மழை பெய்தால் ஒருவரும் வருவதில்லை.

அப்படி ஒரு மழை நாளில் மாமி ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், துணியில் குறி போடும் சாக்கட்டியால் ஒரு கதவு வரைந்தாள். டேப் பிடித்து, உயரமும் அகலமும் சரியாக வைத்து, கைப்பிடிக்கு ஒரு வட்டமும் போட்டாள். பிறகு வாப்பாவைக் கூப்பிட்டாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பின் அவள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

"அண்ணே, இந்த இடத்துல ஒரு கதவு வேணும். என் பங்குல கழிச்சுக்குங்க."

வாப்பா திரையை விலக்கி அந்தக் கோடுகளை நெடுநேரம் பார்த்தார். கோபம் மாதிரியும் இல்லை, இரக்கம் மாதிரியும் இல்லை. ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். என்ன விஷயம் என்று உம்மா கேட்டாள். அவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

நான் சாக்கட்டித் தூளைப் பெருக்க உள்ளே போனேன். மாமி மறுபடி குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பள்ளிச் சீருடை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தால் கேட்டாள்.

"உங்க வாப்பா வாயில என்னடா இருக்கு?"

மழையில் சுவர் ஓதமேறி, கோடு ஒரு பக்கம் கரைய ஆரம்பித்திருந்தது. மாமி சாக்கட்டியை எடுத்து அந்த இடத்தை மட்டும் மறுபடி இழுத்துவிட்டு, மிஷினில் போய் உட்கார்ந்தாள்.