தாய்மாமன் மடியும் பேட்டரி வண்டியும்

பாண்டிமுருகனை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கண்டரமாணிக்கத்தில் அவனுடைய மெக்கானிக் ஷெட்டும் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தினமும் அவன் முகத்தில்தான் விழிக்கிறேன். திட்டுவதற்கு எனக்கு உரிமை உண்டு.

தொழிலில் அவனைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கார்புரேட்டர் போய் இஞ்செக்‌ஷன் வண்டிகள் வந்தபோது, இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளில் பாதிப் பேர் நமக்கு ஆகாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இவன் ஒதுங்கவில்லை. சாப்பிடும்போது தூக்குச்சட்டியில் போனைச் சாய்த்துவைத்து இந்தி வீடியோ பார்ப்பான். "ஒனக்கு இந்தி தெரியுமாடா?" என்று கேட்டால், "வாய எதுக்குப் பாக்கணும் பாய்? கையப் பாத்தாப் போதும்" என்பான். அப்படிப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான்.

அப்புறம் பேட்டரி வண்டிகள் வந்தன. அங்கே கையைப் பார்த்தால் போதாது. கம்பெனியே பயிற்சி கொடுத்து, கடைசி நாள் பரீட்சை வைத்து, தேறியவனுக்குத்தான் கோளாறு பார்க்கிற கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு தரும். அது இல்லாவிட்டால் வண்டிக்கு என்ன கோளாறு என்று பார்க்கக்கூட முடியாது. இவனுடைய வாடிக்கைக்காரர்களோ ஒவ்வொருவராகப் பேட்டரிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியை விட்டால் கொஞ்ச நாளில் பஞ்சர்தான் ஒட்ட வேண்டும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் இவனுக்கு மூன்று தங்கச்சிகள். ஆண்பிள்ளை இவன் ஒருவன்தான். காதுகுத்து என்றாலும் சடங்கு என்றாலும் தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. போன வருஷம் மதுரைப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தான், மூத்தவள் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. மறுபடி கொடுத்தான், நடுவுள்ளவள் மகளுக்குச் சடங்கு வந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதைதான். கம்பெனிக்காரர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "அடுத்த பேட்ச்தான் கடைசி சார். நீங்க முடிக்கலைன்னா இந்த ஏரியா சர்வீஸைத் திருப்பத்தூர்ல வேற ஆளுக்குக் குடுத்துருவோம்."

இந்தத் தடவை நானே பஸ் ஏற்றிவிட்டேன். முதல் நாள் வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டான். "பாய், பேட்டரியத் தொறந்தே காட்டிட்டாக! நம்ம நெனச்ச மாதிரியெல்லாம் இல்ல பாய்!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை அவன் போனில் பேசியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மறுநாள் கடைசித் தங்கச்சி காளீஸ்வரி மகனுக்குக் கீழச்சிவல்பட்டியில் காதுகுத்து. தேதி வைக்கும்போது இவனைக் கேட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். இந்த மடையனும், "ஞாயித்துக்கெழம எவன் பாடம் நடத்தப் போறான்?" என்று தலையை ஆட்டியிருக்கிறான். பரீட்சையே ஞாயிற்றுக்கிழமைதான்!

நான் காளீஸ்வரிக்குப் போன் போட்டேன். "தாயி, ஒன் சித்தப்பா மகன் இருக்கான்ல? அவன் மடியில வச்சுக் குத்திக்கிட்டா என்ன?"

"என்ன பாய் பேசுறீக? கூடப்பொறந்த அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில அடுத்தவுக மடியா? ஊரு சிரிக்காது?"

அன்று சாயங்காலமே அவன் மதுரையில் பஸ் ஏறிவிட்டான். போகாதே போகாதே என்று போனில் தொண்டை கிழியக் கத்தினேன். "போகலைன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாக பாய்" என்றான். அடப்பாவி, ஆயுசு முழுக்கச் சோறு போடுகிற தொழிலடா அது! காளீஸ்வரி அந்தப் போனிலேயே காதுகுத்துக்கு என்னையும் அழைத்திருந்தாள். நான் போகவில்லை. போயிருந்தால் வாயை அடக்கியிருக்க மாட்டேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பயிற்சியை முடித்தது திருப்பத்தூர்க்காரன்.

போன வாரம் காளீஸ்வரி புதுப் பேட்டரி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். வேர்த்து ஒழுகியது.

"கடைத்தெருவுல வரையில நின்னுருச்சுண்ணே. சட்டுன்னு பாருங்க, பள்ளிக்கூடத்துல பயலக் கூப்புடணும்."

பாண்டி வண்டியைச் சுற்றிவந்தான். சீட்டைத் தூக்கிப் பார்த்தான். சுவிட்சை இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "திருப்பத்தூருக்குத்தான் கொண்டுபோகணும் தாயி."

"என்னண்ணே இது! மதுரைக்கெல்லாம் போயிப் படிச்சீக. இதக்கூடவா அங்குட்டுச் சொல்லித் தரல?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பாண்டி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

"கடைசி நாள்ல சொல்லித் தந்திருப்பாக தாயி. அன்னைக்கு ஒன் மகன் என் மடியில இருந்தான்."

காளீஸ்வரி பயலைக் கூப்பிடப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். வண்டியைத் திருப்பத்தூருக்கு ஏற்றிவிட லோடு ஆட்டோவை அவனே போன் போட்டுக் கூப்பிட்டான்.